தலையில் லேசான அடிபட்ட பிறகு பேச்சு, நினைவு, கவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையில் அடிபட்டது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மூன்று நாளில் தலைவலியும் குறைந்தது. ஆனால் பேசும்போது தெரிந்த சொல் வாயில் வர மறுக்கிறது. நாலு பேர் பேசினால் எதுவும் மனதில் நிற்பதில்லை. ஒரே பத்தியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்த அறிகுறி தெரிந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

தலைவலி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போவது, ஒரு முறைக்கு மேல் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது, கையோ காலோ வலுவிழப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போன்ற திரவமோ ரத்தமோ வடிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

பேச்சைப் பொறுத்தவரை மூன்று அறிகுறிகளைத் தனியாக நினைவில் வையுங்கள்: நாக்கு குழறுவது, சம்பந்தமே இல்லாத சொற்களைச் சொல்வது, எதிரில் இருப்பவர் பேசுவது சுத்தமாகப் புரியாமல் விழிப்பது. கீழே நாம் பேசப்போகும் மந்தமும் தடுமாற்றமும் வேறு. இந்த மூன்றும் வேறு. இவை மூளையில் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவதுதான் சரி.

'லேசான காயம்' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எனக்கு லேசாகவே இல்லையே!

அடிபட்ட முதல் சில மணி நேரத்தில் நினைவு எப்படி இருந்தது என்பதை வைத்துத்தான் இந்தப் பெயர். பின்னால் படும் கஷ்டத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மருத்துவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். கண் திறப்பது, பேசுவது, அசைவது ஆகியவற்றை வைத்து ஒருவர் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்று அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 13 முதல் 15 வரை மதிப்பெண் (முழு மதிப்பெண் 15). நினைவிழப்பு இருந்திருந்தால் அது 30 நிமிடத்துக்குள். அடிபட்ட பிறகு நடந்தவை மனதில் பதியாமல் போன நேரம் 24 மணி நேரத்துக்குள். நினைவே தவறாமல், சற்று நேரம் குழம்பியிருந்தாலும் இந்த வகைதான். கன்கஷன், மூளை அதிர்ச்சி என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். தமிழில் சிலர் 'மைல்ட்' என்பதை 'மிதமான' என்று எழுதுகிறார்கள். மருத்துவ வகைப்பாட்டில் மிதமான காயம் அடுத்த படி. கிளாஸ்கோ 9 முதல் 12 வரை. உங்கள் அறிக்கையைத் தமிழில் யாராவது விளக்கினால் எண் என்ன என்று கேளுங்கள். வீண் பயம் தவிரும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் பிரச்சினை எங்கே இருக்கிறது?

சி.டி. ஸ்கேன் எடுப்பதே ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் கண்டுபிடிக்கத்தான். அவை இல்லை என்பது நல்ல செய்தி, அதை நம்பலாம். ஆனால் இந்தக் காயத்தில் நடப்பது அந்தப் படத்தில் தெரியும் அளவைவிடச் சிறியது.

தலை சட்டென்று அசைந்து நிற்கும்போது மூளை உள்ளே இழுபடுகிறது, முறுக்குகிறது. அதில் நரம்பணுக்களை இணைக்கும் நீண்ட இழைகள் நீள்கின்றன. நரம்பணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்த உப்புகளைப் பழைய இடத்துக்குத் தள்ள அணுவுக்கு ஏராளமான சக்தி வேண்டும்; அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. தேவை கூடி வரவு குறைந்த இந்த நெருக்கடி சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கலாம்.

மூளையின் தொலைதூரப் பகுதிகளை இணைக்கும் இழைகள்தான் வேகத்தையும் கவனத்தையும் தாங்குகின்றன. அதனால் அறிவு அப்படியே இருக்கிறது. அது வந்து சேரும் பாதை மந்தமாகிறது. இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் எல்லாச் சிக்கலுக்கும் பெரும்பாலும் இதுதான் வேர். 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. யாருக்கு ஸ்கேன் தேவை என்று முடிவெடுக்க அது உதவும். பேச்சுத் தடுமாற்றம் வருமா, எப்போது போகும் என்றெல்லாம் அது சொல்லாது.

இது பக்கவாதத்தில் வருவது போன்ற பேச்சிழப்பா?

இல்லை. பக்கவாதத்தில் மொழிக்கான பகுதியே சேதமடைகிறது. இலக்கணம் உடைகிறது, எளிய வாக்கியமும் புரியாமல் போகலாம். லேசான காயத்தில் அது மிக அரிது. இங்கே பாதிக்கப்படுவது மொழியைச் சுமந்து செல்லும் கவனம், வேகம், தற்காலிக நினைவு. பேச்சு மொழி சிகிச்சையாளர்கள் இதை அறிதிறன் சார்ந்த தொடர்புக் குறைபாடு என்பார்கள்.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். பேச்சில் 'அது', 'அந்த இது', 'என்னமோ சொல்வாங்களே' என்று இட்டுநிரப்பல் கூடுகிறது. சொல்ல வந்ததை விட்டுக் கிளைக்கதைக்குப் போய்த் திரும்பி வர முடிவதில்லை. எதிராளி நகைச்சுவையாகவோ குத்தலாகவோ சொன்னது இரண்டு நொடி கழித்துத்தான் உறைக்கிறது. தொலைபேசியில் பேசி வைத்ததும் என்ன முடிவானது என்பது மனதில் இல்லை. எல்லோருக்கும் எல்லாமும் வராது.

தெரிந்த சொல் ஏன் வாயில் வருவதில்லை?

ஒரு சொல்லைச் சொல்ல மூளை இரண்டு வேலை செய்கிறது: முதலில் பொருளைப் பிடிக்கிறது, பிறகு அந்தப் பொருளுக்கான ஒலியை எடுக்கிறது. அடிபட்ட பிறகு சிக்குவது பெரும்பாலும் இரண்டாவது வேலையில். பொருள் பளிச்சென்று தெரியும். ஒலி மட்டும் வராது. அதனால்தான் முதல் எழுத்தை யாராவது சொன்னால் உடனே வந்துவிடுகிறது. சொல் அழிந்துபோயிருந்தால் முதல் எழுத்தைச் சொல்லியும் பயன் இருக்காது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

அரிதாகப் பயன்படுத்தும் சொற்களும் ஆட்களின் பெயர்களும்தான் அதிகம் நழுவும். மாலையில், களைப்பில், யாராவது அவசரப்படுத்தும்போது கூடும்.

ஒருவரோடு பேச முடிகிறது, நாலு பேர் சேர்ந்தால் முடியவில்லை. ஏன்?

ஒருவரோடு பேசும்போது ஒரு குரல், ஒரு முகம், ஒரு விஷயம். கூட்டத்தில் யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும், மற்ற சத்தத்தை வடிகட்ட வேண்டும், கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே பதிலையும் தயாரிக்க வேண்டும். இவ்வளவும் ஒரே சமயத்தில். வேகம் குறைந்த மூளை ஒரு வாக்கியத்தைச் செரிப்பதற்குள் மூன்றாவது வாக்கியம் வந்துவிடுகிறது.

தமிழுக்கே உரிய ஒரு சுமையும் உண்டு. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'நேத்து வந்த அந்த ஆளு கொடுத்துட்டுப் போன பேப்பரை மேல இருக்கிற டிராயர்ல வைக்கச் சொல்லி உங்க அண்ணன் போன் பண்ணாரு' என்ற வாக்கியத்தில் வைக்கச் சொன்னது யார், அவர் என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் கடைசி வரும்வரை தொங்கலில் நிற்கிறது. அதுவரை எல்லாவற்றையும் தற்காலிக நினைவில் பிடித்து வைக்க வேண்டும். இதையே 'உங்க அண்ணன் போன் பண்ணாரு. ஒரு பேப்பர் இருக்கு. அதை மேல் டிராயர்ல வைக்கணுமாம்' என்று உடைத்துச் சொன்னால் சிரமமே இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உதவிகளில் இதற்கு இணையானது குறைவு.

கூட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் சுவருக்கு முதுகு காட்டி, பேசுபவர்களின் முகம் தெரியும்படி ஓரத்தில் உட்காருங்கள். சத்தம் முன்னால் இருந்து மட்டும் வரும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்துவிடுங்கள்.

படித்தால் வரிகள் ஓடுகின்றன, ஒன்றும் ஏறுவதில்லை. இதுவும் மூளைச் சோர்வுதானா?

சில சமயம் மூளை. பல சமயம் கண். அருகில் பார்க்கும்போது இரு கண்களும் சேர்ந்து உள்நோக்கித் திரும்ப வேண்டும். கன்கஷனுக்குப் பிறகு இந்த ஒத்துழைப்பு குறைவது அடிக்கடி நடக்கிறது. பார்வை 6/6 என்று கண் அட்டையில் வந்தாலும் இது தெரியாது, ஏனென்றால் அட்டை இருப்பது தூரத்தில்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை. படிக்கக் கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பேனா நுனியைக் கை நீளத்தில் பிடித்து, மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டு வாருங்கள். நுனி இரண்டாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி மூக்கிலிருந்து அளந்து பாருங்கள். மூன்று முறை செய்தும் 6 சென்டிமீட்டருக்கு மேலேயே இரண்டாகத் தெரிந்தால் அந்த அளவைக் குறித்துக்கொண்டு கண் மருத்துவரிடம் 'கண்கள் குவிவதைப் பாருங்கள்' என்று கேளுங்கள். இதற்குக் கண் பயிற்சி இருக்கிறது. இதைக் கவனிக்காமல் 'எனக்குப் புத்தி மந்தமாகிவிட்டது' என்று மாதக்கணக்கில் மருகுகிறவர்கள் நிறைய. அது தேவையே இல்லாத வேதனை.

கண் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடி ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். வந்தால் அடுத்த பத்தி. வராவிட்டால் அதே பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாவது முறையும் வரவில்லை என்றால் அன்றைக்குப் போதும்.

எழுதும்போது எழுத்து விட்டுப்போகிறது. ல, ள, ழ கூடக் குழம்புகிறது.

முன்பும் குழம்பியவருக்கு இது அறிகுறியே இல்லை. முன்பு சரியாக எழுதியவர் இப்போது புள்ளியை விடுகிறார், ஒரே சொல்லை இரண்டு முறை எழுதுகிறார், வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குப் போகிறார் என்றால் அது கவனக் குறைவால் வருவது. எழுதி 30 நிமிடம் வைத்து, பிறகு உரக்கப் படித்துத் திருத்தி அனுப்புங்கள். கண் தாண்டிப் போகும் பிழையைக் காது பிடிக்கும்.

இரண்டு மொழி பேசுபவருக்கு எந்த மொழி பாதிக்கப்படும்?

அதிகம் பழகாத மொழியில் தடுமாற்றம் முதலில் தெரியும். அதில் பேசக் கூடுதல் கவனம் தேவை என்பதே காரணம். மொழி மாறி மாறிப் பேசுவதும் களைப்பூட்டும். முதல் சில வாரங்களுக்கு முக்கியமான பேச்சை எந்த மொழி இயல்பாக வருகிறதோ அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையும் அந்த மொழியில்தான் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் தயாரான சொற்பட்டியலை மொழிபெயர்த்துக் கேட்டு வரும் மதிப்பெண்ணை அப்படியே ஏற்க முடியாது.

எத்தனை நாளில் சரியாகும்?

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள். சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள். ஒரு சிறு பகுதியினருக்கு இதைத் தாண்டியும் நீடிக்கிறது. முன்பே கன்கஷன் வந்தவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், மனப்பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்கள், முதல் சில நாட்களிலேயே அறிகுறி கடுமையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு அதிக நாள் ஆகலாம்.

முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. மூன்று நாள் நன்றாக இருந்து நான்காம் நாள் சறுக்கும். ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடாதீர்கள். ஒரு வாரத்தை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

இருட்டறையில் படுத்து முழு ஓய்வு எடுக்க வேண்டுமா?

இது பழைய ஆலோசனை; இப்போது மாறிவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலையையும் திரையையும் குறைத்து ஓய்வாக இருந்தால் போதும். அப்போதும் எழுந்து நடமாடலாம், வீட்டாரோடு பேசலாம். 11 முதல் 22 வயது வரையானவர்களை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் நடமாடத் தொடங்கியவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். படுத்தே இருந்தால் தூக்கம் குலைகிறது, உடல் தளர்கிறது, மனம் அறிகுறியையே வட்டமிடுகிறது.

இரண்டாம் நாளிலிருந்து மெதுவான நடை நல்லது. அறிகுறி பெரிதாகக் கூடாத அளவுக்கு நெஞ்சுத்துடிப்பைச் சற்று உயர்த்தும் நடை குணமாவதை விரைவுபடுத்துகிறது.

படிப்புக்கும் வேலைக்கும் எப்படிப் படிப்படியாகத் திரும்புவது?

ஒரே ஒரு அளவுகோல் போதும். வேலை தொடங்கும் முன் உங்கள் தொந்தரவுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுங்கள். வேலையின்போது அது 2-க்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் அந்த அளவு வேலை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. நாளைக்குச் சற்றுக் கூட்டலாம். அதற்கு மேல் ஏறினால் நிறுத்தி, நாளைக்கு ஒரு படி இறங்குங்கள். லேசாகக் கூடியதற்கே பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவது தவறு. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதும் தவறு.

முதல் படி, வீட்டில் 5 முதல் 15 நிமிடப் படிப்பு அல்லது எழுத்து, பிறகு இடைவெளி. இதை ஒரு நாளில் சில முறை செய்யலாம். அடுத்தது, வீட்டிலேயே வீட்டுப்பாடமோ எளிய அலுவலக வேலையோ. 25 நிமிடம் வேலை, 5 முதல் 10 நிமிடம் ஓய்வு. ஓய்வு என்றால் கண்ணை மூடி உட்காருவது; போனைப் பார்ப்பது ஓய்வாகாது. பிறகு அரை நாள் பள்ளி அல்லது அலுவலகம். கடைசியாக முழு நாள்.

எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம். கூட்டம், பேச்சுவார்த்தை, புதிதாகக் கற்க வேண்டியது ஆகியவற்றைக் காலையில் வையுங்கள். கைப்பழக்கமான வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 30 நிமிடமாவது விடுங்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது நன்றாக இருக்கும் நாளில்தான். தேங்கிய வேலையையெல்லாம் அன்றைக்கே முடிக்கப் பார்ப்பார்கள். அடுத்த இரண்டு நாள் எழ முடியாது. நல்ல நாளிலும் திட்டமிட்ட அளவோடு நிறுத்தத்தான் ஒழுக்கம் வேண்டும்.

சொல் வராதபோது என்ன செய்வது? பயிற்சி இருக்கிறதா?

இருக்கிறது. 'தாழ்ப்பாள்' என்ற சொல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முட்டி மோதி அந்த ஒலியையே தேடிக்கொண்டிருந்தால் இன்னும் இறுகும். பொருளைச் சுற்றி நடக்க வேண்டும்:

அது என்ன வகை? பூட்டு மாதிரி ஒன்று.
எங்கே இருக்கும்? கதவின் உள்பக்கம்.
எதற்கு? வெளியிலிருந்து யாரும் திறக்காமல் இருக்க.
எதனால் ஆனது? இரும்பு அல்லது பித்தளை.
அதை என்ன செய்வோம்? போடுவோம், நீக்குவோம்.
அதோடு எது நினைவுக்கு வருகிறது? ராத்திரி, தூங்கப் போகும் முன்.

பெரும்பாலும் நாலாவது கேள்விக்குள் 'தாழ்ப்பாள்' வந்து விழுந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, நீங்கள் சொன்னதைக் கேட்டவருக்குப் பொருள் புரிந்துவிட்டது, பேச்சு நிற்காமல் போகிறது. முதல் எழுத்தைத் தேடுவது அடுத்த வழி: 'க', 'த', 'ப' என்று மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, 'அந்தச் சொல் வரல, பிறகு சொல்றேன்' என்று நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள். கூச்சத்தில் மௌனமாவதுதான் பேச்சை முடக்குகிறது.

தினமும் நீங்கள் தடுக்கி விழுந்த சொற்களில் ஐந்தை எழுதிவைத்து, இந்த ஆறு கேள்விகளை ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பழகுங்கள். 10 நிமிடம் போதும். உங்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களாக இருக்க வேண்டும். மூளைப் பயிற்சி என்று விற்கப்படும் விளையாட்டுகளில் மதிப்பெண் ஏறும். அந்த ஏற்றம் அன்றாடப் பேச்சுக்குப் பெரிதாக வந்து சேர்வதில்லை.

சொன்னதையே மறந்துவிடுகிறேன். நினைவை எப்படிக் காப்பது?

அடிபட்ட அன்று ஒருவர் 'என்ன ஆச்சு?' என்று கேட்டுப் பதிலைக் கேட்டுக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் மறுபடி 'என்ன ஆச்சு?' என்பார். அந்தச் சில மணி நேரம் பதியவே இல்லை. அது திரும்பி வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. நாட்கள் கழித்து வரும் மறதி வேறு. அதில் பெரும்பகுதி, கவனம் சிதறியதால் சரியாகப் பதியாமல் போனது.

ஆகவே பதிவைச் சரிசெய்யுங்கள். யாராவது ஏதாவது சொன்னால் கையில் உள்ள வேலையை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டு, 'அப்படின்னா வியாழன் 4 மணி, ரெண்டாவது மாடி, சரியா?' என்று திருப்பிச் சொல்லுங்கள். உடனே எழுதுங்கள். ஒரே நோட்டு, ஒரே காலண்டர். ஐந்து இடத்தில் துண்டுத்தாளில் எழுதினால் எதில் எழுதினோம் என்று தேடுவதே இன்னொரு சுமையாகும். மனதில் இருத்தியே ஆக வேண்டிய பெயரோ எண்ணோ இருந்தால் 30 நொடி, 1 நிமிடம், 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிச் சொல்லிப் பாருங்கள். தவறினால் சரியான விடையைப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள்.

பரிசோதனையில் என்னவெல்லாம் கேட்பார்கள்?

பேச்சு மொழி சிகிச்சையாளரோ நரம்பியல் உளவியலாளரோ நடத்துவார். 'க' அல்லது 'ப' எழுத்தில் தொடங்கும் சொற்களை 60 நொடியில் சொல்லச் சொல்வது, விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்வது, படங்களுக்குப் பெயர், எண்களைத் தலைகீழாகச் சொல்வது, ஒரு கதையைக் கேட்டு உடனேயும் 20 முதல் 30 நிமிடம் கழித்தும் திருப்பிச் சொல்வது, ஒரு படத்தை விவரிப்பது. எண்ணிக்கையைவிட எவ்வளவு நேரம் எடுத்தீர்கள், எங்கே தயங்கினீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். களைத்ததும் செயல்பாடு சரிவதும் ஒரு தகவல். அதை மறைக்க முயலாதீர்கள்.

பத்து நிமிடத்தில் முடியும் 30 மதிப்பெண் வடிகட்டல் சோதனைகள் முதியோரின் மறதி நோயைத் தேட உருவானவை. இந்த நுட்பமான மந்தம் அவற்றில் சிக்காமல் போகலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் என் கஷ்டம் கற்பனையா?

கற்பனை இல்லை. சோதனை அறையில் சத்தம் இல்லை, இடையூறு இல்லை, ஒரு நேரத்தில் ஒரு வேலை. உங்கள் வாழ்க்கை அப்படி இல்லை. அந்த அறையில் நீங்கள் முழுச் சக்தியையும் கொட்டி நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நாலு மணி நேரம் படுத்திருந்தால் அந்த நாலு மணி நேரம் மதிப்பெண்ணில் ஏறாது. சோதனை முடிந்த பிறகு எப்படி இருந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்மை. அடிபடுவதற்கு முன் நாம் எதையுமே மறந்ததில்லை என்று தோன்றும். மறந்திருக்கிறோம், கவனிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு மறதியையும் காயத்தின் கணக்கில் எழுதும்போது பதற்றம் கூடுகிறது, பதற்றம் கவனத்தைத் தின்கிறது, மறதி மேலும் கூடுகிறது. இந்த வளையத்தை அறுப்பதும் சிகிச்சையின் பகுதி. மனநல நிபுணரிடம் அனுப்பினால் 'பைத்தியம் என்கிறார்களா' என்று வருந்த வேண்டாம்.

மருந்துகளால் பேச்சு மந்தமாகுமா?

ஆகும். இதை விசாரிக்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தரப்படும் டோபிராமேட் சிலருக்குச் சொல் தேடும் சிரமத்தை உண்டாக்கும். தூக்க மாத்திரைகள், மயக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகள், தலைவலியைத் தடுக்கவும் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்றவை கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கலாம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தடுமாற்றம் தொடங்கிய தேதியையும் மருந்து தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். குணமாகும் வரை மது வேண்டாம்.

தூக்கமும் இதே கணக்கில்தான். ஒரே நேரத்தில் எழுவதை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். தூங்கும் நேரம் தானாகச் சரியாகும்.

வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பேச வேண்டும்?

ஒரு வாக்கியம், ஒரு செய்தி, சின்ன இடைவெளி. டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். இன்னொரு அறையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். சொல்லுக்குத் தேடும்போது பாய்ந்து முடித்து வைக்காமல் பத்து நொடி பொறுங்கள். பிறகு, 'அம்மா, முதல் எழுத்து சொல்லட்டுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?' என்று கேளுங்கள். 'இப்பத்தானே சொன்னேன்' என்ற வாக்கியத்தைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையுங்கள். எரிச்சலும் சிடுசிடுப்பும் காயத்தோடு வருபவைதான். பார்க்க நன்றாக இருக்கிறார் என்பதால் வலி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

குழந்தைகளிடம் எதைக் கவனிப்பது?

குழந்தை 'எனக்குச் சொல் வரவில்லை' என்று சொல்லத் தெரியாது. கதை சொல்லும்போது நடுப்பகுதியை விட்டுவிடுவது, இரண்டு மூன்று படி உள்ள கட்டளையில் முதலாவதை மட்டும் செய்வது, வகுப்பில் எழுதி முடிக்காமல் வருவது, காரணமில்லாத அழுகை ஆகியவற்றைப் பாருங்கள். ஆசிரியரிடம் எழுத்தாகக் கேளுங்கள்: தேர்வில் கூடுதல் நேரம், கரும்பலகைக் குறிப்பின் நகல், ஒரு நாளில் ஒரே தேர்வு, தலைவலி வந்தால் அமைதியான இடம். பள்ளிக்கு முழுமையாகத் திரும்பிய பிறகுதான் மோதல் விளையாட்டு. அதுவும் மருத்துவர் அனுமதித்த பிறகு.

மறுபடியும் அடிபட்டால்? வண்டி ஓட்டலாமா?

அடிபட்ட அன்றே மைதானத்துக்குத் திரும்பவே கூடாது. குணமாகாத மூளையில் விழும் இரண்டாவது அடி அறிகுறிகளை நீட்டிக்கும். மிக அரிதாக, முக்கியமாக இளம் வயதினருக்கு, உயிருக்கு ஆபத்தான மூளை வீக்கத்தில் முடிந்திருக்கிறது. வண்டியை முதல் 24 மணி நேரம் தொடவே வேண்டாம். பிறகும் தலைசுற்றல், மங்கல் பார்வை, மந்தம் இருக்கும்வரை மருத்துவரைக் கேட்காமல் ஓட்டாதீர்கள்.

முதலில் தேறி, சில வாரம் கழித்து மறுபடி பேச்சு மோசமாகிறது. ஏன்?

கன்கஷன் மெல்லத் தேறும்; தேறிய பிறகு வாரக்கணக்கில் தொடர்ந்து சரியாது. அப்படிச் சரிந்தால், அதிலும் முதியவராகவோ ரத்தம் உறையா மருந்து சாப்பிடுபவராகவோ இருந்தால், மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் தேங்கியிருக்கலாம். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்று சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கே போய் 'இத்தனை வாரத்துக்கு முன் தலையில் அடிபட்டது' என்று சொல்லுங்கள். அடிபட்டதை நீங்கள் சொன்னால்தான் அந்தத் திசையில் பார்ப்பார்கள்.

மூன்று மாதம் தாண்டிவிட்டது. யாரிடம், எதை எடுத்துக்கொண்டு போவது?

நரம்பியல் மருத்துவர் அல்லது மறுவாழ்வு மருத்துவரிடம் தொடங்குங்கள். அவர் வழியாகப் பேச்சு மொழி சிகிச்சையாளர், தலைசுற்றல் இருந்தால் சமநிலைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட், கண் மருத்துவர். மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதற்காக இனி பயனில்லை என்று நினைக்க வேண்டாம். தூக்கம், தலைவலி, கழுத்துவலி, கண், மனச்சோர்வு ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்துச் சரிசெய்யும்போது பேச்சும் தெளிவதை எதிர்பார்க்கலாம்.

போகும்போது ஒரு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து வரி போதும்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், தலைவலி எண் 0-10, எங்கே சொல் தடுமாறியது (இடம், நேரம், எத்தனை பேர் இருந்தார்கள்), எவ்வளவு நேரம் படிக்க முடிந்தது, என்னென்ன மாத்திரை. மருத்துவமனையிலிருந்து கொடுத்த முதல் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, கண்ணாடி, தினமும் உங்களோடு இருக்கும் ஒருவர். சீட்டைப் பார்த்து வாசிக்கலாம். மனப்பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியைச் சீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.